மூன்று ஆர்பிஜி, முதல் பத்து மணி நேரம்: தோற்றால் என்ன ஆகிறது?

சித்திரைத் திருவிழா லீவுக்கு மேலூரிலிருந்து அத்தை மகன் செல்லூரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். இரண்டு பேருமாகச் சேர்ந்து பால்டர்ஸ் கேட் 3, எல்டன் ரிங், கிங்டம் கம் டெலிவரன்ஸ் 2 என்று மூன்று ஆர்பிஜி கேம்களை, அதாவது ஒரு பாத்திரமாக மாறிக் கதைக்குள் ஆடும் கேம்களை, முதல்முறையாகத் தொட்டோம். ஒவ்வொன்றிலும் எட்டு, பத்து மணி நேரம்தான் ஆகியிருக்கிறது, முழுக்கதையும் இன்னும் தெரியாது. ஆனால் நாம் தோற்கும்போது கேம் நம்மை எப்படி நடத்துகிறது என்பதில் மூன்றும் மூன்று திசை. எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது.

பால்டர்ஸ் கேட் 150 ஜிபி, இறங்கவே இரண்டு ராத்திரி ஆனது. பெல்ஜியத்தின் லாரியன் ஸ்டுடியோஸ் 2023-ல் வெளியிட்டது. மேசையில் பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு விதிகளை வைத்து ஆடுவதால் பேச்சில் ஒருவரை மடக்குவது, பூட்டைத் திறப்பது என்று எல்லாவற்றையும் இருபது முகம் கொண்ட ஒரு பகடைதான் தீர்மானிக்கிறது. ஒருவனிடம் பொய் சொல்லித் தப்பிக்க எனக்குப் பத்து வேண்டும். பகடை திரை முழுக்க உருண்டு ஒன்றில் நின்றது. பின்னால் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பத்தா "தாயம்டா!" என்று கைதட்டினாள். நம் தாயத்தில் ஒன்று விழுந்தால்தான் காய் இறங்கும். இங்கே ஒன்று விழுந்தால் எத்தனை போனஸ் சேர்த்து வைத்திருந்தாலும் தோல்விதான், அதை அப்பத்தாவுக்கு விளக்கவே ஐந்து நிமிடம் ஆனது.

ஆனால் அந்தத் தோல்வியோடு கதை நிற்கவில்லை. அவன் கத்தியை உருவினான், சண்டை வந்தது, அடிபட்டாலும் வேறு வழியில் உள்ளே போனோம், அந்த வழியில் கிடைத்த பொருட்கள் பொய் பலித்திருந்தால் கண்ணிலேயே பட்டிருக்காது. கடற்கரையைத் தாண்டியதும் ஒரு கல்லில் ஊதா நிறச் சுழல் ஒன்று இருக்கிறது, அதிலிருந்து ஒரு கை மட்டும் நீட்டிக்கொண்டு உதவி கேட்கும். இழுத்தால் கேல் என்ற மந்திரவாதி வெளியே வருவான். அந்தக் கையை அறையவும் ஒரு தேர்வு வைத்திருக்கிறார்கள்! நமக்குத் தோன்றும் குறும்பையெல்லாம் முன்கூட்டியே யோசித்து வைத்த இந்த உழைப்புக்காகவே எனக்குப் பிடித்துப்போனது. ஒவ்வொரு தடவை தோற்கும்போதும் முன்னால் சேவ் செய்து வைத்த இடத்துக்குப் போய் மறுபடி உருட்டப் பார்த்தான் அத்தை மகன். "மாப்ள, விழுந்ததை வச்சு ஆடு" என்று சொல்லிவிட்டேன். அப்படி ஆடினால்தான் இந்த கேமின் ருசியே தெரியும்.

எல்டன் ரிங்கில் பேச்சுக்கு வேலை குறைவு. ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் 2022-ல் கொண்டுவந்தது. குகையிலிருந்து லிம்கிரேவ் புல்வெளிக்கு ஏறி வந்தால் கொஞ்ச தூரத்திலேயே தங்கக் கவசம் போட்ட குதிரை வீரன், ட்ரீ சென்டினல், ரோந்து சுற்றுகிறான். பதினோரு தடவை செத்தோம். செத்த இடத்தில் நம் ரூன்கள், லெவல் ஏற்ற உதவும் காசு மாதிரி, கிடக்கும், திரும்பிப் போய் எடுக்கலாம், எடுப்பதற்குள் மறுபடி செத்தால் அவை போனதுதான். அப்புறம்தான் புரிந்தது, அவனை இப்போதே வென்றாக வேண்டும் என்று கேம் எங்கேயும் சொல்லவில்லை. சுற்றிக்கொண்டு வேறு பக்கம் போனோம், டாரன்ட் என்ற குதிரை கிடைத்தது, லெவல் ஏற்றிக்கொண்டு வந்து அவனை வீழ்த்தினோம், கோல்டன் ஹால்பர்ட் என்ற ஆயுதத்தைப் போட்டுவிட்டுச் செத்தான். அந்த நிமிடத்துக்கு ஈடாக மற்ற இரண்டிலும் எனக்கு இன்னும் எதுவும் கிடைக்கவில்லை. ஒரே தொல்லை, இதில் ஆட்டத்தை நடுவில் நிறுத்திவைக்கும் பட்டன் கிடையாது. சண்டை நடுவே அம்மா தண்ணீர்க் குடம் எடுக்கக் கூப்பிட்டால் செத்தோம். பால்டர்ஸ் கேட் முறைவைத்து ஆடுவது, எதிரி நமக்காகக் காத்திருப்பான்.

கிங்டம் கம் செக் நாட்டின் வார்ஹார்ஸ் ஸ்டுடியோஸ் 2025-ல் வெளியிட்டது, 1403-ன் பொஹீமியாவில் நடக்கிறது. மந்திரம், டிராகன் எதுவும் கிடையாது. கொல்லன் வீட்டில் வளர்ந்த ஹென்றி ஆரம்பத்திலேயே எல்லாவற்றையும் பறிகொடுத்துக் கந்தலோடு நிற்கிறான். குளிக்காமல் போய்ப் பேசினால் மதிக்க மாட்டார்கள், திருடி மாட்டினால் தண்டனை உண்டு. நினைத்த இடத்தில் சேவ் செய்ய ஒரு சாராயம் குடிக்க வேண்டும். அதையும் நாமே காய்ச்சலாம்: திராட்சை மதுவில் செந்தட்டி இலையும் பெல்லடோனாவும் போட்டு, துருத்தி ஊதி, மணல் கடிகாரத்தைக் கவிழ்த்துப் பக்குவம் பார்த்து இறக்க வேண்டும். அந்தக் காய்ச்சும் வேலையே எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. இல்லாவிட்டால் படுக்கை தேடித் தூங்க வேண்டும், அல்லது சேவ் செய்துவிட்டு கேமை மூட வேண்டும். நாங்கள் மூன்றையும் செய்யாமல் காட்டில் அலைந்துகொண்டிருந்தபோது கரன்ட் போனது, ஒன்றரை மணி நேர ஆட்டம் காணாமல் போனது. எல்டன் ரிங்கிலும் அதே வாரம் இப்படி நடந்தது, ஆனால் அது தானாகவே அடிக்கடி சேவ் செய்துகொள்வதால் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே திரும்ப எழுந்தோம்.

முதல்முறை ஆர்பிஜி தொடுகிறவர்களுக்கு நான் பால்டர்ஸ் கேட்டைத்தான் சொல்வேன், டிஸ்க்கில் இடம் இருந்தால். அத்தை மகன் எல்டன் ரிங் பக்கம், ஊருக்குப் போன பிறகும் போனில் அதைப் பற்றியே பேசுகிறான். கிங்டம் கம்மை அழிக்க மனசு வரவில்லை. யுபிஎஸ் வாங்கியதும் ஹென்றியைத் திரும்ப எடுக்கிறேன்.