நாலு வருடச் சந்தாவும் ஒரு பொய்ப் பேத்தியும்

நன்றி கூறும் நாள் தள்ளுபடியில் வம்சாவளித் தளத்தின் சந்தா பாதி விலைக்கு வந்திருக்கிறது, சேரலாமா என்று நண்பர் கேட்டார். என் மருமகனைப் போலவே அவர் மருமகளும் மாசசூசெட்ஸின் பழைய குடும்பம். அதே தளத்துக்கு நாலு வருடமாகப் பணம் கட்டி வருகிறேன். அதில் என்னென்ன இருக்கிறது என்பது அவருக்கே தெரியும். நான் சொல்ல வேண்டியது எலிசபெத் டில்லி விவகாரம் ஒன்றுதான்.

இங்கிலாந்திலிருந்து குடியேறிகளை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்த மேஃபிளவர் கப்பலில் வந்த ஜான் ஹவ்லண்டின் வழி நாங்கள் என்று சம்பந்தியம்மா வீட்டில் ஒரு பேச்சு உண்டு. 1620இல் நடுக்கடல் புயலில் தவறி விழுந்து, கப்பலிலிருந்து தண்ணீரில் தொங்கிய பாய்க்கயிற்றைப் பிடித்துப் பிழைத்த ஆள் அவர். அன்றைக்குக் கை நழுவியிருந்தால் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் இல்லை, இரண்டு புஷ்களும் இல்லை, என் பேரனும் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் விசாரிக்க வேண்டிய குலம் கோத்திரத்தைப் பேரன் பிறந்த பிறகு விசாரிக்க உட்கார்ந்தேன்.

ஹவ்லண்ட் கட்டிக்கொண்டது எலிசபெத் டில்லியை. 1607இல் பெட்ஃபர்ட்ஷயரின் ஹென்லோ கிராமத்தில் ஞானஸ்நானம் பெற்றவள். 13 வயதில் அப்பா அம்மாவோடு கப்பலேறினாள். வந்த 102 பேரில் ஏறக்குறைய பாதிப்பேரைக் கொண்டுபோன முதல் குளிர்காலத்தில் இருவரையும் பறிகொடுத்தாள். பிறகு பத்துப் பிள்ளைகள், பத்தும் பிழைத்து ஆளாகின.

அவள் பெயரைத் தளத்தில் போட்ட அன்றே ஒரு குறிப்பு வந்து நின்றது: இவள், கப்பலில் வந்தவர்கள் அமைத்த பிளிமத் குடியேற்றத்தின் முதல் ஆளுநர் ஜான் கார்வரின் பேத்தி. ஹவ்லண்ட் வந்ததே கார்வர் வீட்டு வேலையாளாகத்தான். முதலாளியின் பேத்தியை வேலையாள் கைப்பிடித்தார் என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஹவ்லண்ட் வம்சத்தாரும் அப்படித்தான் நம்பினார்கள். அப்புறம், கார்வருக்கு அடுத்து ஆளுநரான வில்லியம் பிராட்ஃபர்ட் எழுதிய குடியேற்ற வரலாற்றின் கையெழுத்துப் பிரதி கிடைத்தது. அமெரிக்கப் புரட்சி சமயத்தில் பாஸ்டனிலிருந்து காணாமல் போய், 1855இல் லண்டன் பிஷப்பின் ஃபுல்ஹாம் நூலகத்தில் தென்பட்ட பிரதி அது. கப்பலில் வந்தவர்களை வீடு வீடாகப் பட்டியல் போட்டிருந்த பிராட்ஃபர்ட், ஹவ்லண்ட் மணந்தது ஜான் டில்லியின் மகளை என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறார்.

1855இல் தீர்ந்த வழக்கு என் திரையில் மட்டும் தீரவில்லை. குறிப்பை நிராகரிப்பேன். இரண்டு மாதம் கழித்து வேறு ஒருவர் போட்ட வம்ச மரத்திலிருந்து அதே பேத்தி திரும்பி வருவாள். இதுவரை பதினோரு தடவை. புகார் எழுதினால், பொருந்தாத குறிப்புகளை நிராகரிக்கும் வசதி உங்களுக்கு உண்டு என்று பதில். ஐயா, அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன்! குறிப்பு என்றால் ஏதோ ஆவணம் என்று புதியவர்கள் நினைப்பார்கள். பாதிக்கு மேல் ஒரு சந்தாதாரர் மற்றவரைப் பார்த்து எழுதியதுதான். நூறு பேர் பார்த்து எழுதினால் நூறு சாட்சி ஆகிவிடுமா?

போன கிறிஸ்துமஸுக்குத்தான் இன்னொன்று தெரிந்தது. பெரிய தாளில் மரத்தை அச்சடித்துச் சம்பந்தியம்மாவுக்குக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு ஒருமுறை பார்த்துவிட்டு, "கார்வர் எங்கே?" என்றார். எனக்கு வந்த அந்தக் குறிப்புகளில் ஒன்று, பல வருடம் முன்பு அவரே போட்ட மரத்திலிருந்து வந்ததாம். அதற்குப் பிறகு நான் புகார் எழுதுவதில்லை.

தளத்தைத் திட்டிக்கொண்டே இருப்பதும் நியாயமில்லை. பழைய உயில்களைப் படமெடுத்துப் போட்டிருக்கிறார்கள் பாருங்கள், அதற்காகக் கையெடுத்துக் கும்பிடலாம். பல ராத்திரி அதிலேயே கழிந்திருக்கிறது. பழைய உயில் ஒன்றில் ஒருவர் தன் 'சன் இன் லா'வுக்கு ஒரு பசுவை விட்டுச் சென்றிருந்தார். ஆனால் அவருக்குப் பெண்ணே கிடையாது. தேடிப் பார்த்தால், மனைவியின் முதல் கணவருக்குப் பிறந்த மகனையும் அந்தக் காலத்தில் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். நம் ஊரில் பெண்ணைக் கட்டியவனும் மருமகன், அக்காள் மகனும் மருமகன். அதனால் எனக்குச் சட்டென்று பிடிபட்டது. தளத்தின் அட்டவணைக்குப் பிடிபடவில்லை. அவருக்கு ஒரு மகளைப் படைத்து, இந்தப் பையனுக்கே கட்டியும் வைத்துவிட்டது. ஹவ்லண்டின் சாவும் அப்படித்தான், பிப்ரவரி 1672/3. 1752க்கு முன் ஆங்கிலேயருக்கு ஆண்டு பிறந்தது மார்ச் 25இல் என்பதால் அந்தச் சாய்கோடு: அன்றைய கணக்கில் 1672, இன்றைய கணக்கில் 1673. தளத்துக்கு அது புரியாமல் இரண்டு ஹவ்லண்டுகள் செத்தார்கள்.

சரி, காசுக்குத் தகுமா? முதல் ஐந்து தலைமுறைகளை மேஃபிளவர் வம்சாவளிச் சங்கம் ஆதாரத்தோடு புத்தகமாகவே போட்டிருக்கிறது, நூலகத்தில் பார்க்கலாம். 1850க்குப் பிறகு கவலையில்லை. அடிமைகளைத் தவிர வீட்டிலிருக்கும் அத்தனை பேரையும் பெயரோடு எழுதிய முதல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அந்த வருடத்தியது, ஃபேமிலிசர்ச் என்ற இன்னொரு வம்சாவளித் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சிக்கல் நடுவில். 1790 முதல் 1840 வரையான கணக்கெடுப்புகளில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான், மற்றவர்கள் வெறும் தலைக்கணக்கு. எங்கள் ஆட்களில் ஒருவர் அந்தச் சமயம் பார்த்து வெர்மான்ட்டுக்குக் குடிபோய்விட்டார். அவருடைய அப்பா யார் என்று நாலு வருடமாகத் தேடுகிறேன். சந்தா கட்டுவதே அந்த அறுந்த சங்கிலியை ஒட்டத்தான். அங்கே இதுவரை ஒரு குறிப்புகூட வந்ததில்லை.

அதனால் வேண்டாம் என்றுதான் நண்பருக்குப் பதில் எழுதினேன். உயில்களைப் பற்றி அவரிடம் சொல்லவே இல்லை. என் சந்தா போன வாரம்தான் தானாகப் புதுப்பிக்கப்பட்டது, முழு விலைக்கு.