ரயில் வரும் என்று மனை வாங்கினால்: மூன்று தடங்கள், ஒரு கிரயம்

கடலூரிலிருந்து புதுச்சேரி 22 கிலோமீட்டர் சொச்சம். பஸ்ஸில் ஏறினால் நெரிசலைப் பொறுத்து ஒரு மணி நேரம். இதே தூரத்தை ரயிலில் போகவேண்டுமென்றால் திருப்பாதிரிப்புலியூரில் ஏறி, விழுப்புரம் போய், வண்டி மாறி, வளவனூர், சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர் என்று சுற்றிக்கொண்டு வரவேண்டும். 80 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். யாரும் அப்படிப் போவதில்லை. இருபது வருடத்துக்கும் மேலாக நானும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டுதான் வேலைக்குப் போய் வந்தேன். அதனாலேயே யாராவது "ரயில் வரப்போகுது" என்றால் காதைத் தீட்டிக்கொள்வேன்.

இந்தப் பலவீனம் மனைத் தரகர்களுக்குத் தெரிந்திருக்கிறது. 2019 கடைசியில், ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணத்தில் ஒரு மனை வாங்கலாம் என்று கிளம்பினேன். மூன்று இடம் பார்த்தேன். மூன்றுக்கும் ஒரே விளம்பரம்தான்: இந்த வழியாக ரயில் வருகிறது. முதல் இடம் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில், கன்னியக்கோயில் பக்கம். இரண்டாவது, தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் பொறையார். மூன்றாவது காரைக்கால் வட்டாரத்தில், திருநள்ளாறு தாண்டி. கடைசியில் வாங்கியது மூன்றாவதை. ஏன் என்று உறவிலும் தெருவிலும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆளுக்கொரு தடவை சொல்வதற்கு ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் கன்னியக்கோயில். வீட்டிலிருந்து அரை மணி நேரம், நல்ல தண்ணீர், பக்கத்திலேயே பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி. இதையெல்லாம் நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. விலைதான் அதற்கேற்ற விலை. இங்கே வரும் என்று சொல்லப்பட்ட ரயில், சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூர் வரும் கிழக்குக் கடற்கரைப் பாதை. சுமார் 179 கிலோமீட்டர். 2008-ஐ ஒட்டி அனுமதி கிடைத்த திட்டம். அது வந்தால் எங்கள் 80 கிலோமீட்டர் சுற்று ஒழியும். ஆசையில்லாமல் இருக்குமா? ஆனால் பெயருக்கு ஆயிரம் ரூபாய் ஒதுக்கிய பட்ஜெட்டுகளும் அதற்கு உண்டு. ஆயிரம் ரூபாயில் ஒரு அளவைக் கல்கூட நட முடியாது.

இதில் ஒரு வேடிக்கை. அந்தச் சாலையில் அடுத்தடுத்து மூன்று லேஅவுட் பார்த்தேன். மூன்று பேருமே ஸ்டேஷன் தங்கள் வாசலில்தான் வருகிறது என்றார்கள். ஒருவர் வரைபடமே காட்டினார். புள்ளிப்புள்ளியாக ஒரு கோடு, அதன்மேல் ஒரு வட்டம். "இந்தப் புள்ளி எல்லாம் யாரோட நிலம்?" என்று கேட்டேன். "அதெல்லாம் கவர்ன்மென்ட் எடுத்துக்கும் சார்" என்றார்.

மூன்று இடத்தையும் நான் தரம் பிரித்தது இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான். ரயில் ஓடப்போகும் நிலம் இன்றைக்கு யார் பெயரில் இருக்கிறது? கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

புதுப் பாதை என்றால் முழு நீளத்துக்கும் நிலம் எடுக்கவேண்டும். அகலம் 30 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு கிலோமீட்டருக்கு 3 ஹெக்டேர், அதாவது ஏழரை ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. 179 கிலோமீட்டருக்கு 1,300 ஏக்கருக்கு மேல் வருகிறது. அதுவும் எங்கே? கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, சென்ட் கணக்கில் விற்கிற இடத்தில். 2013 நில எடுப்புச் சட்டத்துக்குப் பிறகு கிராமப்புறத்தில் இழப்பீடு சந்தை மதிப்பைப்போல் நான்கு மடங்கு வரை போகலாம். கொடுப்பவருக்கு அது நியாயமான தொகை. திட்டத்துக்கோ தாங்காத சுமை. இதற்கிடையே விழுப்புரம்–நாகப்பட்டினம் நான்குவழிச் சாலைக்கும் இந்தப் பக்கத்து ஊர்களிலேயே நிலம் எடுத்தார்கள். ஒரு தடவை நிலம் கொடுத்தவனிடம் மறுபடியும் போய் நின்றால் என்ன சொல்வான் என்று சொல்லவேண்டுமா?

மூடிப்போன பழைய தடம் அப்படியில்லை. தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போயிருப்பார்கள், கட்டைகள் ஏலத்தில் போயிருக்கும், ஸ்டேஷன் சுவரில் ஆலமரம் முளைத்திருக்கும். நிலம் மட்டும் ரயில்வே பெயரிலேயே கிடக்கும். கிராமத்துப் புலப்படத்தை விரித்துப் பாருங்கள். சதுரமும் செவ்வகமுமாக வயல்கள் இருக்க, நடுவே ஒரு புல எண் மட்டும் சாரைப்பாம்பு மாதிரி நீளமாக ஓடும். அதுதான் பழைய ரயில் மேடு. அம்பகரத்தூர்ப் பக்கம் அந்தப் பாம்பைப் படத்தில் பார்த்தபோதே என் மனசு பாதி சாய்ந்துவிட்டது.

நம் டெல்டாவிலேயே நடந்ததைப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். நீடாமங்கலம்–மன்னார்குடி ரயிலை 1976-ல் நிறுத்தினார்கள். 2011-ல் அகலப் பாதையாகத் திரும்ப வந்தது. திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் பக்கம் அகஸ்தியம்பள்ளி வரை 37 கிலோமீட்டர் 2023 ஏப்ரலில் திறந்தார்கள். தெற்கே மதுரை–போடியை 2010 கடைசியில் மூடி, 2023 ஜூனில் முழுசாகத் திறந்தார்கள். எதுவும் சீக்கிரம் நடக்கவில்லை. மன்னார்குடிக்கு முப்பத்தைந்து வருடம் ஆயிற்று. என்றாலும் வந்தது. இதே காலத்தில் அறிவித்த புதுப் பாதைகளில் எத்தனை வந்தன என்று எண்ண எனக்கு ஒரு கை விரல்களே அதிகம்.

சரி, அப்படியானால் தரங்கம்பாடித் தடமும் பழைய தடம்தானே, அதை ஏன் விட்டாய் என்று கேட்பீர்கள். பொறையாரில் இருக்கும் என் பெரியப்பா மகன் இதைக் கேட்டுவிட்டு இரண்டு மாதம் பேசாமல் இருந்தார். மயிலாடுதுறையிலிருந்து செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார் வழியாகத் தரங்கம்பாடி வரை சுமார் 30 கிலோமீட்டர். 1926-ல் வந்த மீட்டர் கேஜ், 1986-ல் நின்றது. இன்று அந்த வழியில் போனால் பல இடத்தில் மேடு தெரிகிறது. சில இடத்தில் அதன்மேல் கூரை, மாட்டுக்கொட்டகை, வைக்கோல் போர். நிலம் இருக்கிறது, ஆளும் ஏறி உட்கார்ந்திருக்கிறார். அதைக்கூடச் சமாளித்துவிடலாம். ரயில் ஓடினால் எதை ஏற்றிக்கொண்டு ஓடும் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. திருக்கடையூருக்கு அறுபதாம் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் ஆள் சேர்த்து வேன் பிடித்து வருகிறார்கள். தரங்கம்பாடிக் கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் காரில் வருகிறார்கள். மனுக்கள் போய்க்கொண்டே இருக்கின்றன, நானும் ஒன்றில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கையெழுத்து வேறு, பத்திரப் பதிவு வேறு. பொறையாரில் மனை விலை மூன்றிலும் குறைவு என்பதையும் சொல்லிவிடவேண்டும். ரயிலை மறந்துவிட்டு ஒரு வீடு கட்டிக் குடியிருக்க வேண்டுமென்றால் நானே அதைத்தான் எடுத்திருப்பேன்.

இப்போது காரைக்கால்–பேரளம். 1898-ல் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் வந்த தடம், 23 கிலோமீட்டர் சொச்சம். 1980களில் நிறுத்தினார்கள். காரைக்காலில் பிறந்து வளர்ந்த என் மாமனார் சனிக்கிழமை அந்த ரயிலில் ஏறித் திருநள்ளாறு போன கதையைச் சொல்லச் சொல்ல அலுக்கமாட்டார். நளதீர்த்தத்தில் குளித்த எண்ணெய்த் தலையோடு திரும்பும் கூட்டம், இன்ஜின் கரி, ஈரத்துணி. "வண்டி பூரா நல்லெண்ணெய் வாசனைதான் மாப்பிள்ளை" என்பார். மனை பார்க்கப் போனபோது அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். மேட்டின்மேல் ஏறி நின்றோம். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். வாய்க்காலைத் தாண்டும் இடத்தில் பழைய செங்கல் பாலத்தின் பக்கச்சுவர் மட்டும் நின்றது. நாங்கள் நின்ற இடத்தில் வேலை நடக்கிற அறிகுறி எதுவும் அன்றைக்குத் தென்படவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார்.

உணர்ச்சியில் வாங்கிவிட்டேன் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்வாள். பாதி உண்மை. மீதிப் பாதி காரைக்கால் துறைமுகம். 2009-ல் இயங்கத் தொடங்கிய அந்தத் துறைமுகத்தில் நிலக்கரி இறங்குகிறது. 2011-ல் நாகூர்–காரைக்கால் 10 கிலோமீட்டர் போட்டார்கள். ஆனால் அந்த வழியில் வடக்கே போகிற எதுவும் நாகூர், நாகப்பட்டினம், திருவாரூர் என்று தெற்கே இறங்கி மேற்கே போய்த்தான் மேலே ஏறவேண்டும். பேரளம் மயிலாடுதுறை–திருவாரூர் பாதையிலேயே இருக்கிறது. அதோடு காரைக்காலை நேராக இணைத்தால் அந்தச் சுற்று மிச்சம். ஒரு பக்கம் ரயில்வேயின் சொந்த நிலம், மறுபக்கம் தினமும் ஏற்றுவதற்குச் சரக்கு. பயணிகளுக்காக மட்டும் ஒரு தடம் உயிர்பெறும் என்று நம்பிப் பணம் போட எனக்குத் தைரியமில்லை. நிலக்கரிக்காக உயிர்பெறும் என்று நம்பினேன். சனீஸ்வரனுக்கும் நிலக்கரிக்கும் நிறம் ஒன்றுதான் என்று மாமனார் சிரித்தார்.

பிறகு நடந்தது பலருக்கும் தெரியும். மேட்டை உயர்த்தினார்கள், ஜல்லி கொட்டினார்கள், சிமென்ட் கட்டைகள் வந்தன, 2025-ல் சோதனை ஓட்டம் நடந்தது. மாமனார் பார்த்தார்.

நில விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பழைய தடம் என்றால் நிலச் சிக்கலே இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மீட்டர் கேஜுக்கு விட்ட அகலம் இன்றைய அகலப் பாதைக்கும் ஸ்டேஷனுக்கும் சில இடத்தில் போதாது, ஓரத்தில் எடுப்பார்கள். காலம் ரொம்பக் கடந்தாலும் கதை மாறிவிடும். மொரப்பூர்–தர்மபுரித் தடத்தை 1941-ல் மூடினார்கள். அது திரும்ப வரவேண்டும் என்ற கோரிக்கைக்கு என்னைவிட வயது அதிகம். அதனால் புலப்படத்தைப் பார்த்ததோடு நிற்காமல், நேரில் போய் அந்த மேட்டின்மேல் நடந்து பாருங்கள். எத்தனை வீடு, எத்தனை கோயில் வந்திருக்கிறது என்று எண்ணுங்கள். கோயில் இருந்தால் இரண்டாகவே எண்ணுங்கள்.

நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். ரயில்வே எல்லையிலிருந்து 30 மீட்டருக்குள் கட்டவேண்டுமென்றால் ரயில்வேயின் தடையின்மைச் சான்று கேட்பார்கள். தரகர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை. தடத்தை ஒட்டிய மனைக்கு ஆசைப்பட்டு, மனையின் பின்பாதி அந்த 30 மீட்டருக்குள் விழுகிறது என்பதைப் பத்திரம் முடிந்த பிறகு டேப் பிடித்து அளந்து தெரிந்துகொண்டேன். ரயில் வருகிற இடத்தில் மனை வாங்கலாம், தண்டவாளத்தை உரசிக்கொண்டு வாங்கக்கூடாது. இரண்டு தெரு தள்ளி இதே விலைக்குக் கிடைத்தது.

இன்னொன்று, தண்ணீர். டெல்டாவில் மேடு என்றாலே அது ஒரு அணைதான். பழைய தடத்தில் மழை அறுத்த உடைப்புகள் இருந்தன, தண்ணீர் அதன் வழியாக வடிந்துகொண்டிருந்தது. புதுக்கரை உயரமானது, கெட்டியானது. கேட் வைப்பதற்குப் பதிலாகக் கீழே சுரங்கப்பாதை விடுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் அதில் முழங்கால் தண்ணீர் நிற்கும். கடலூர்க்காரனுக்கு வெள்ளம் புதிதல்ல, 2015-ஐப் பார்த்தவர்கள் நாங்கள். ஆனாலும் வாங்குவதற்கு முன் ஒருமுறை அடைமழையில் போய்ப் பார்த்திருக்க வேண்டும். நான் போனது மார்கழியில், எல்லாம் வடிந்த பிறகு.

வீடு இன்னும் கட்டவில்லை. அதனால் அங்கே குடியிருப்பது எப்படி என்று எனக்குச் சொல்லத் தெரியாது. கரிவண்டி ராத்திரி போகும்போது ஜன்னல் எவ்வளவு அதிரும், துணியில் தூசு படியுமா என்பதெல்லாம் கட்டினால்தான் தெரியும். சென்னைக்கு அந்த வழியாக நமக்கு வசதியான நேரத்தில் எத்தனை வண்டி விடுவார்கள் என்பதையும் நம்பி நான் கணக்குப் போடவில்லை. கன்னியக்கோயில் மனை அதற்குள் நல்ல விலை ஏறிவிட்டது என்று மனைவி ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கிறாள். அங்கே ரயில் வராமலேயே ஏறியது என்பதையும் சேர்த்துச் சொல்வாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

விற்றால் என்ன போகும் என்று கேட்கிறவர்களுக்கு: இதுவரை என் மனையை விசாரித்து இரண்டு பேர் வந்தார்கள். இரண்டு பேருமே தரகர்கள்.