டிபி கோல்டு, மாண்டூ, சளி டெஸ்ட்: எதுக்கு எதை எடுக்கணும்?

எங்க அத்தை பையனுக்கு மூணு வாரமா இருமல். பக்கத்துல ஒரு லேப்ல போய் அவனா டிபி கோல்டுங்கிற ரத்த டெஸ்ட் எடுத்தான், 2,500 ரூபாய், பாசிட்டிவ். அவ்ளோதான், அத்தை அழ ஆரம்பிச்சிட்டாங்க, தட்டு டம்ளர் எல்லாம் தனியா போயிடுச்சு (டிபி தட்டு வழியா பரவாது, காத்து வழியாத்தான், ஆனா அந்த நேரத்துல அதை யார்கிட்ட சொல்றது). அப்புறம் சர்க்கார் ஆஸ்பத்திரில சளி குடுத்தான், நெகட்டிவ். எக்ஸ்ரேயும் கிளியர். டாக்டர் அலர்ஜி இருமல்னுட்டார்.

அப்போ லேப் ரிப்போர்ட் தப்பான்னு கேட்டா, இல்ல. அவன் கேட்ட கேள்வி வேற, அந்த டெஸ்ட் சொன்ன பதில் வேற. டிபி கோல்டுங்கிறது கிருமியை தேடவே தேடாது, நம்ம ரத்தத்துல கிருமியோட சண்டை போடுற டி செல்லுக்கு அந்தக் கிருமியை ஏற்கனவே தெரியுமான்னுதான் பாக்கும். ஈசாட் 6, சிஎஃப்பி 10னு கிருமியோட ரெண்டு புரதத்தை ரத்தத்தோட சேத்து 37 டிகிரில 16லேர்ந்து 24 மணி நேரம் வெக்கறாங்க, முன்னாடி கிருமியை பாத்த செல்லா இருந்தா இன்டர்ஃபெரான் காமாங்கிற எதிர்ப்புப் புரதத்தை கக்கும், அது 0.35 யூனிட்டைத் தாண்டினா பாசிட்டிவ். கிருமி உள்ள போய் தூங்கிட்டு இருந்தாலும் பாசிட்டிவ், நோயாவே வந்திருந்தாலும் பாசிட்டிவ். நம்ம நாட்டுல 15 வயசுக்கு மேல இருக்கறவங்கள்ல கிட்டத்தட்ட 31 சதவீதம் பேருக்கு உள்ள கிருமித் தொற்று இருக்குன்னு 2019-21 தேசிய சர்வே சொல்லுது. அதுல ஆயுசுக்குள்ள நோயா மாறுறது 5லேர்ந்து 10 சதவீதம் பேருக்குத்தான். அதனாலதான் நம்மள மாதிரி நாடுகள்ல நோய் இருக்கான்னு பாக்க இதை எடுக்காதீங்கன்னு உலக சுகாதார நிறுவனம் 2011லயே சொல்லிடுச்சு. நெகட்டிவ் வந்தாலும் நிம்மதியா இருக்க முடியாது, நோய் இருக்கிறவங்கள்லயே கொஞ்சம் பேருக்கு நெகட்டிவ் காட்டும், எதிர்ப்பு சக்தி கம்மியா இருந்தா இன்னும் அதிகம். இன்னொண்ணு, 0.35 பக்கத்துல 0.30, 0.40ன்னு வந்தா மறுபடி எடுக்கும்போது மாறலாம், அந்த நம்பரை வெச்சு வீட்டையே கலங்கடிக்காதீங்க.

மாண்டூவும் இதே கேள்விக்குத்தான் பதில் சொல்லுது, ஆனா கொஞ்சம் மழுப்பலா. கைல ஊசி போட்டு 48லேர்ந்து 72 மணி நேரத்துல திரும்ப போய் காட்டணும், பாதி பேர் போறதில்ல. சிவந்திருக்கிறதை அளக்கக்கூடாது, தடிச்சிருக்கிறதைத்தான் அளக்கணும், இதுலயும் ஆளுக்கு ஒரு அளவு வரும். பிசிஜி (டிபி தடுப்பூசி) போட்டிருந்தா பொய்யா பாசிட்டிவ் வரும்பாங்க, ஆனா, பொறந்த உடனே போட்டதோட தாக்கம் வளந்தப்புறம் பெருசா நிக்காது. நம்ம ஊர்ல அதைவிட தொல்லை மண்ணு தண்ணில இருக்கிற மைக்கோபாக்டீரியா, டிபி கிருமியோட சொந்தக்காரங்க. 1968ல ஆரம்பிச்ச செங்கல்பட்டு பிசிஜி ஆய்வுலயே அந்தப் பகுதில இந்த மாதிரி வேற கிருமியால வர்ற ரியாக்‌ஷன் ரொம்ப பரவலா இருந்துச்சு. டிபி கோல்டுல இந்த சிக்கல் ரொம்ப கம்மி, ஏன்னா அந்த ரெண்டு புரதமும் பிசிஜிலயும் கிடையாது, அந்த சொந்தக்காரக் கிருமிகள்ல பெரும்பாலானதுலயும் கிடையாது. காசு கம்மிங்கிறது ஒண்ணுதான் மாண்டூவோட பலம். இப்போ சைடிபின்னு ஒண்ணு இருக்கு, மாண்டூ மாதிரியே தோல்ல ஊசி, உள்ள டிபி கோல்டோட அதே புரதங்கள், 5 மில்லிமீட்டர் தடிச்சா பாசிட்டிவ். இந்தக் கேள்விக்கு ரெண்டுக்கும் நடுவுல இதுதான் நல்ல பேரம், ஆனா திரும்ப போய் காட்டுற வேலை இதுலயும் உண்டு.

ஆன்டிபாடி டெஸ்ட் பத்தி ரெண்டே வரி. முன்னாடி தனியார் லேப்ல ரத்தத்துல ஐஜிஜி ஐஜிஎம்னு எடுத்து டிபின்னு எழுதிக் குடுத்தாங்க, ரெண்டு பக்கமும் தப்பாவே வரும், அதனால 2012ல இந்தியால தடையே பண்ணிட்டாங்க. யாராவது இப்பவும் எடுக்கச் சொன்னா எந்திரிச்சு வந்துடுங்க.

எனக்கு ஆசை இருக்கிறது வேற ஒண்ணு மேல. விரல்ல ஒரு சொட்டு ரத்தம் எடுத்து ஜிபிபி5, டஸ்ப்3, கேஎல்எஃப்2னு மூணு ஜீன் எப்படி வேலை செய்யுதுன்னு பாத்து ஒரு மணி நேரத்துக்குள்ள சொல்ற டெஸ்ட். கிருமியை பாத்திருக்கியாங்கிற பழைய கதையை விட்டுட்டு, உடம்பு இப்போ சண்டை போட்டுட்டு இருக்கான்னு பாக்குது, அதுதானே நமக்கு வேணும். சளியே துப்பத் தெரியாத சின்னக் குழந்தைக்கு இது வரமா இருக்கும். ஆனா வைரஸ் காய்ச்சல்லயும் இதே மாதிரி ஜீன் எகிறும், அதனால முதல் வடிகட்டியா வெச்சு மேல அனுப்பத்தான் சரிப்படும், வழக்கமா ஊர்ல கிடைக்கிற சங்கதியும் இல்ல. எச்ஐவி இருக்கிறவங்களுக்கு இதே வடிகட்டி வேலையை சிஆர்பிங்கிற (உடம்புல அழற்சி இருந்தா ஏறுற புரதம்) சாதாரண ரத்த டெஸ்ட்ல 5க்கு மேலயான்னு பாத்தே பண்ணலாம்னு 2021ல உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கு, அது ரொம்ப மலிவு.

இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறையுதுன்னா சளி டெஸ்ட்தான், சிபிநாட் இல்லேன்னா ட்ரூநாட். கிருமியோட டிஎன்ஏவையே பிடிக்கும், டிபிக்கு முக்கியமான ரிஃபாம்பிசின் மருந்து கேக்குமான்னும் சேத்து சொல்லும், சர்க்கார்ல இலவசம். அத்தை பையன் முதல் நாளே அங்க போயிருந்தா 2,500 மிச்சம், அத்தையோட ரெண்டு நாள் தூக்கமும் மிச்சம்.

வேடிக்கை என்னன்னா போன மாசம் மாமாவுக்கு மூட்டு வாதத்துக்கு எதிர்ப்பு சக்தியை அடக்கற ஊசி போடணும்னு டாக்டர் டிபி கோல்டு கேட்டார். நான் வேணாம்னு சொல்லப் போறேன்னு அத்தை பாத்தாங்க. எடுங்கன்னேன், ஏன்னா இங்க கேள்வியே உள்ள தூங்குற கிருமி இருக்காங்கிறதுதான், இருந்தா அந்த ஊசி எழுப்பி விட்டுடும், முன்னாடியே வாரம் ஒரு தடவைன்னு 12 வாரம் மாத்திரை போடணும். ரிசல்ட் நெகட்டிவ். இருந்தும் டாக்டர் ஒரு எக்ஸ்ரே எடுத்துட்டுத்தான் ஊசி போட்டார்.