டிவி கேமுக்கு நானே செய்த புரோகிராமிங் கேசட்: பயன்படுத்திப் பார்த்ததில்

பழைய டிவி கேமில் நாமே எழுதிய புரோகிராமை ஓட்ட வேண்டுமென்றால் கடையில் ஃபிளாஷ் கேசட் கிடைக்கிறது. மெமரி கார்டைச் செருகினால் வேலை முடிந்தது. ஆனால் எழுதிப் பழகுபவருக்கு அவ்வளவு தேவையே இல்லை. சூப்பர் மாரியோ பிரதர்ஸ் (1985) முழுசுமே 40 கேபிதான்: புரோகிராம் 32, படங்கள் 8. நான் செய்த கேசட்டில் இருப்பவை இரண்டே சிப். ஒன்று 28சி256 இஇப்ராம் (மின்சாரத்தாலேயே அழித்துத் திருப்பி எழுதக்கூடிய 32 கேபி சிப்), மற்றது 6264 ராம் (8 கேபி தற்காலிக மெமரி). நாள்பட ஓட்டிப் பார்த்த பிறகும் இதையே சொல்வேன்.

நம்மூரில் விற்ற டிவி கேம்கள் பெரும்பாலும் 1983-இல் நின்டெண்டோ கொண்டுவந்த ஃபேமிகாமின் நகல்கள், 60 பின் ஸ்லாட். பழைய கேசட்டைப் பிரித்து உள்ளே இருக்கும் ரோமை (கேம் எழுதப்பட்ட சிப்பை) மாற்றலாம் என்று நினைக்காதீர்கள். மலிவு கேசட்டுகளில் சிப்பே இருக்காது, கறுப்பு எபாக்ஸி பொட்டு ஒன்றுதான். கூட்டை மட்டும் எடுத்துக்கொண்டு பிசிபியை (சிப்புகளைப் பற்றவைக்கும் சர்க்யூட் பலகையை) தனியாகச் செய்யக் கொடுப்பதே வழி.

கொடுக்கும்போது தடிமனைச் சொல்லிவிட வேண்டும். எதுவும் சொல்லாவிட்டால் 1.6 மிமீ வரும். ஃபேமிகாம் கேசட்டின் பலகை 1.2 மிமீ. 1.6-ம் உள்ளே போகும், ஓடவும் செய்யும். ஆனால் ஸ்லாட்டின் பின்கள் விரிந்துபோய், அப்புறம் பழைய கேசட்டுகள் லூசாகி மக்கர் பண்ணும். கான்டாக்ட் அழுக்கானால் ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) தொட்ட பஞ்சு போதும். வாயால் ஊதும் பழக்கத்தை இத்தோடு விட்டுவிடலாம், எச்சில் ஈரம் செம்பை அரிக்கும்.

28சி256-இல் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான வரைபடங்கள் 27சி256 இப்ராமுக்கானவை, யுவி ஒளியால் அழிக்கும் பழைய வகை அது. அதில் ஏ14 என்ற முகவரிக் கம்பி 27-ஆம் பின். 28சி256-இல் அது 1-ஆம் பின்னுக்குப் போய்விடும். 27-ஆம் பின் எழுதும் பின். அதை 5 வோல்ட்டில் கட்டிவிட்டால் ஓடும் நேரத்தில் சிப்பில் எதுவும் தவறி எழுதப்படாது. 27 வரிசையில் ஜன்னல் வைத்த சிப்பை அழிக்க யுவி விளக்கில் கால் மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். 28சி256-ஐ புரோகிராமர் (சிப்பில் எழுதும் கருவி) சில நொடிகளில் திருப்பி எழுதிவிடும்.

படங்களுக்கு ராம் வைத்ததால் ஒரே சிப்பை எழுதினால் போதும். பவர் போட்டதும் நம் புரோகிராமே படங்களை ராமுக்கு நகர்த்திவிடும். அதற்கான சிறு ரூட்டீனை ஒருமுறை எழுதி வைத்தால் எல்லாவற்றுக்கும் அதேதான். இரண்டு சிப்புக்கும் பக்கத்திலேயே ஆளுக்கொரு 104 (0.1 மைக்ரோஃபாரட்) கெப்பாசிட்டர் போடுங்கள். ஐந்து பைசா விஷயம்தானே என்று விட்டால் திரையில் குப்பை வரும்.

படம் வருகிறது, சத்தம் இல்லையா? 45, 46 பின்களைப் பாருங்கள். ஃபேமிகாமில் ஒலி கேசட்டுக்குள் போய்த் திரும்பி வரும். கேசட்டே தன் சவுண்ட் சிப்பின் ஒலியைக் கலந்துகொள்ளட்டும் என்பதற்கான ஏற்பாடு. நம்மிடம் அப்படி எதுவும் இல்லை, இரண்டையும் ஒரு சொட்டு ஈயத்தால் இணைத்துவிட வேண்டியதுதான்.

மென்பொருள் பக்கம் புரோகிராம் எழுத சிசி65 கம்பைலர், கணினியிலேயே ஓட்டிப் பார்க்கும் எமுலேட்டருக்கு மெசன். இங்கே ஒரு கோளாறு காத்திருக்கிறது. ஜப்பான், அமெரிக்கப் பெட்டிகள் வினாடிக்கு 60 ஃபிரேம். நம் பெட்டிகள் நம் டிவிக்கேற்ப 50. ஃபிரேமை எண்ணி ஓடும் பாட்டு ஆறில் ஒரு பங்கு மெதுவாகிவிடும். மெசனில் ‘டெண்டி’ என்று ஒரு தேர்வு உண்டு. ரஷ்யாவில் 1992-இல் வந்த நகல் அது. என் பெட்டி அதே கணக்கில்தான் ஓடுகிறது. ஐரோப்பிய அசலில் பிளாங்க் நேரம் (திரை வரையப்படாத இடைவெளி, படங்களை மாற்ற வேண்டியது அப்போதுதான்) 70 வரி, டெண்டியில் அதைச் சொல்லும் என்எம்ஐ சிக்னல் தாமதமாக வருவதால் 20 வரிதான் கையில் மிஞ்சும், ஏறத்தாழ 2270 சிபியு சைக்கிள். ஸ்பிரைட் டிஎம்ஏவுக்கே (நகரும் உருவங்களின் பட்டியலைப் படச் சிப்புக்கு அனுப்புவதற்கே) அதில் 513 போய்விடும்.

நாள்பட்டதில் முதலில் கைவிட்டது 28சி256-ஐ மாட்டும் சாக்கெட். தகடு வைத்த மலிவு சாக்கெட் அடிக்கடி கழற்றி மாட்டுவதைத் தாங்காது. லீவர் வைத்த ஜிஃப் சாக்கெட்டுக்கு மாறினேன். உயரம் அதிகம் என்பதால் கூட்டின் முன்பக்கத்தை வெட்ட வேண்டியிருந்தது, பார்க்க அசிங்கம்தான். மற்றபடி ஐசியைப் பிடுங்கி எழுதி மாட்டும் அலுப்பைக் குறைக்க இன்னொரு 28சி256 கையிருப்பில் வைத்திருக்கிறேன். ஒன்று ஓடும்போது மற்றது புரோகிராமரில் இருக்கும்.