அஞ்செட்டியா, சிட்லிங்கியா?

தன்னார்வ ஆசிரியராக நினைப்பவர்கள், ஓசூரில் வேலை பார்த்துக்கொண்டே வார இறுதிகளில் அஞ்செட்டி மலைக் கிராமங்களுக்குப் போய் வரலாம். சம்பளம் நிற்காது. ஆனால் அங்கே பல வீடுகளில் பேச்சு கன்னடம் அல்லது தெலுங்கு. தமிழ் எழுத்து கைவர தினப் பழக்கம் வேண்டும், வாரம் ஒருநாள் போதவே போதாது. யானை நடமாட்டமும் உண்டு. பொழுது சாய்வதற்குள் கிளம்பியாக வேண்டும்.

தருமபுரி மாவட்டம் சிட்லிங்கியில் ஓராண்டு தங்குவது வேறு. அங்குள்ள மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளின் (கேரளத்தவர் அல்ல, மலைவாழ் மக்கள்) வீட்டுமொழி தமிழ்தான். பெற்றோர் திருப்பூருக்கு வேலைக்குப் போனதும் எந்தப் பிள்ளை பாட்டியிடம் நிற்கிறது, எது பள்ளியைவிட்டு நழுவுகிறது என்பது ஊரிலேயே இருப்பவருக்குத்தான் தெரியும். ஓராண்டு கொடுக்க முடிந்தவர்கள் சிட்லிங்கிக்கே போங்கள். முடியாதவர்கள் அஞ்செட்டிப் பக்கம் ஒரே கிராமத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஊர் மாற்றாதீர்கள்.