டெம்ப்ளேட் பிழை: ஸ்டேட்டிக் அசெர்ட்டா, கான்செப்டா?

சி பிளஸ் பிளஸில் ஒரு லிஸ்ட்டை அப்படியே சார்ட்டுக்கு (வரிசைப்படுத்தும் நூலக ஃபங்ஷன்) கொடுத்துப் பாருங்கள். தப்பு உங்கள் வரியில்: சார்ட் லிஸ்ட்டை ஏற்காது. கம்பைலர் புலம்புவதோ நூலகத்துக்குள் எங்கோ இருக்கும் ஒரு கழித்தல் குறியைக் காட்டி. சொந்த கிளாஸ் டெம்ப்ளேட்டில் (எந்த டைப்புக்கு என்று பிறகு சொல்லிப் பயன்படுத்தும் கிளாஸ் அச்சு) இந்தத் தலைவலியைக் குறைக்க இரண்டு வழி: ஸ்டேட்டிக் அசெர்ட், அதாவது கம்பைல் ஆகும்போதே ஒரு நிபந்தனையைச் சோதித்து, தவறினால் நிறுத்தும் வரி; கான்செப்ட், அதாவது டெம்ப்ளேட் எந்த டைப்பை ஏற்கும் என்று பெயர் வைத்துச் சொல்லும் நிபந்தனை.

தேவை
அசெர்ட்: சி பிளஸ் பிளஸின் 2011 தரம் போதும்.
கான்செப்ட்: 2020 தரம் வேண்டும்.

பிழைச் செய்தி
அசெர்ட்: நீங்கள் எழுதிய வாக்கியமே வரும். அப்புறம் பழைய புலம்பலும் கூடவே வரலாம்.
கான்செப்ட்: எந்த நிபந்தனை தவறியது என்று கம்பைலரே சொல்லும், டெம்ப்ளேட்டின் உள்ளே நுழையாது.

மாற்று வழி
அசெர்ட்: கிடையாது, அங்கேயே நிற்கும்.
கான்செப்ட்: அதை ஒரு ஸ்பெஷலைசேஷனில் (சில டைப்புகளுக்கென்று தனியாக எழுதும் வடிவம்) வைத்தால், நிபந்தனை தவறும்போது பொருந்தும் வேறு வடிவத்தை எடுத்துக்கொள்ளும்.

பழைய புரோகிராம் என்றால் அசெர்ட், புதிதாக எழுதுவது என்றால் கான்செப்ட். 'அளவு 0 ஆகக் கூடாது' மாதிரிச் சின்னக் காவலுக்கு மட்டும் நான் இன்னும் அசெர்ட்தான்.