ரோசெஸ்டரா, ஹெடிங்கமா, ரிச்மண்டா? ஒரே ஒரு நார்மன் கோட்டைக்குத்தான் நேரம் என்றால்

ஊரிலிருந்து லண்டனுக்கு வரும் உறவினர்கள் "ஒரு கோட்டை காட்டேன்" என்று கேட்டால், எல்லோரும் கைகாட்டுவது லண்டன் டவரைத்தான். அதுவும் அசல் நார்மன் கோட்டைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அங்கே கோகினூர் பதித்த கிரீடத்தைப் பார்க்கும் வரிசையிலேயே பாதி நாள் போய்விடுகிறது. சுவரைத் தடவிப் பார்க்கவோ, ஒரு மாடத்தில் சாய்ந்து நின்று ஆற்றைப் பார்க்கவோ அவகாசம் கிடைப்பதில்லை. அதற்குச் சின்ன ஊர்க் கோட்டைகள்தான் சரி.

1066இல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து கடல் தாண்டி வந்து இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்கள் சில ஆயிரம் பேர்தான். தங்கள் மொழி தெரியாத, தங்களை வெறுக்கிற ஒரு பெரிய மக்கள் கூட்டத்தை அவர்கள் ஆளவேண்டியிருந்தது. ஆற்றுப் பாலம், சாலைச் சந்திப்பு, பள்ளத்தாக்கின் வாய் என்று முக்கியமான இடத்திலெல்லாம் ஒரு மண்மேட்டைக் குவித்து, மரவேலி போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். அப்புறம் மரம் இருந்த இடத்தில் கல் ஏறியது. இன்று சின்னச் சின்ன ஊர்களில் இவ்வளவு பெரிய கோட்டைகள் நிற்பதற்கு இதுதான் காரணம்.

நான் ஒப்பிடப்போவது மூன்றை: கென்ட்டில் ரோசெஸ்டர், எசெக்ஸில் ஹெடிங்கம், வட யார்க்‌ஷரில் ரிச்மண்ட். மூன்றுக்கும் குடும்பத்தோடு போயிருக்கிறேன். முதல் இரண்டும் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை. மூன்றாவது வேறு சாதி.

ரோசெஸ்டரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் போவது சுலபம். லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்தில் வேக ரயில் பிடித்தால் முக்கால் மணிக்குள் இறங்கிவிடலாம். ரயில் மெட்வே ஆற்றை நெருங்கும்போதே கோபுரம் தெரிந்துவிடும். லண்டனிலிருந்து டோவர் போகும் பழைய ரோமானியச் சாலை ஆற்றைக் கடப்பது இங்கேதான். பாலத்துக்குக் காவலாக முதலில் கல் மதில் எழுப்பியவர் ரோசெஸ்டர் ஆயர் குண்டல்ஃப். லண்டன் டவரின் வெள்ளைக் கோபுர வேலையை மேற்பார்த்தவரும் அவர்தான். இன்று நாம் ஏறுகிற பெரிய கோபுரத்தை 1127இல் தொடங்கியவர் கேன்டர்பரி பேராயர் வில்லியம் டி கோர்பெய். கைப்பிடிச் சுவர் வரைக்கும் 113 அடி, அதற்கு மேல் மூலைக் கோபுரங்கள் இன்னும் 12 அடி. 'கீப்' என்று இங்கே சொல்லும் இந்த வகை நடுக்கோபுரங்களில் இங்கிலாந்திலேயே உயரமானது இதுதான்.

உள்ளே நுழைந்ததும் என் மகள் கேட்டது: "அப்பா, தரை எங்கே?"

சரியான கேள்வி. தரை கிடையாது. கூரையும் கிடையாது. மாடித் தளங்களைத் தாங்கிய மரம் எல்லாம் எப்போதோ போய்விட்டது; நான்கு சுவரும் நடுவே ஒரு குறுக்குச் சுவரும் மட்டும் வானம் பார்த்து நிற்கின்றன. முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். பத்து நிமிடம் நின்று பாருங்கள். சுவரில் ஒரே மட்டத்தில் வரிசையாகச் சதுரத் துளைகள் தெரியும்: அவை உத்திரங்கள் செருகிய குழிகள். அந்த வரிசைதான் ஒரு மாடி. அதற்கு மேலே அந்தரத்தில் ஒரு கணப்பு அடுப்பு தொங்கும். அதன் முன்னால் குளிர்காய்ந்து உட்கார்ந்தவர்களின் காலுக்குக் கீழே இருந்த பலகை மட்டும் இப்போது இல்லை. குறுக்குச் சுவருக்கு உள்ளேயே கிணற்றின் குழாய் அடியிலிருந்து உச்சி வரை ஏறுகிறது. எந்த மாடியில் இருந்தாலும் வாளி இறக்கித் தண்ணீர் எடுக்கலாம். முற்றுகையில் தண்ணீருக்காக ஒருவரும் கீழே இறங்கவேண்டாம். இதைப் பார்த்தபோதுதான் கட்டினவர்களின் மூளை எனக்குப் பிடிபட்டது. தளங்கள் முழுசாக இருக்கும் கோட்டையில் இப்படி மொத்த உடம்பையும் ஒரே பார்வையில் பார்க்க முடியாது.

அப்புறம் வெளியே வந்து நான்கு மூலைகளையும் சுற்றிப் பாருங்கள். மூன்று மூலைக் கோபுரங்கள் சதுரம். தென்கிழக்கில் உள்ளது மட்டும் உருண்டை. அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

1215 ஜூனில் பிரபுக்களின் உரிமைகளை ஏற்கும் மேக்னா கார்ட்டா சாசனத்துக்கு முத்திரை வைத்த ஜான் மன்னர், அதே ஆண்டு அக்டோபரில் இங்கே படையோடு வந்து நின்றார். அவரை எதிர்த்த பிரபுக்களின் ஆட்கள் கோட்டைக்குள் இருந்தார்கள். கல்லெறி பொறிகளை வைத்து அடித்தும் கோபுரம் அசையவில்லை. தென்கிழக்கு மூலைக்கு அடியில் சுரங்கம் தோண்டி, மேலே இருக்கும் பாரத்துக்கு மரமுட்டுக் கொடுத்துக்கொண்டே போனார்கள். நவம்பர் 25ஆம் தேதி மன்னர் தன் தலைமை அதிகாரிக்கு ஒரு கடிதம் அனுப்பினார்: தின்பதற்கு லாயக்கில்லாத, நன்றாகக் கொழுத்த 40 பன்றிகளை உடனே அனுப்பு. அந்தக் கொழுப்பை வைத்து முட்டுகளுக்குத் தீ மூட்டினார்கள். மரம் எரிந்தது, மூலை சரிந்தது. அப்போதும் உள்ளே இருந்தவர்கள் விடவில்லை. குறுக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒதுங்கி மிச்சப் பாதியிலிருந்து சண்டை போட்டார்கள். கடைசியில் அவர்களை வீழ்த்தியது பசிதான். நவம்பர் 30 அன்று சரணடைந்தார்கள். ஜானுக்குப் பிறகு அவர் மகன் மூன்றாம் ஹென்றி காலத்தில், இடிந்த மூலையை உருண்டையாகக் கட்டினார்கள். நீங்கள் கை வைக்கும் அந்த வளைந்த சுவர் அன்றைய இடிபாட்டின் தழும்பு.

இவ்வளவும் அரை நாளில் முடியும். கோட்டையைச் சுற்றிய புல்வெளிக்குக் கட்டணம் கிடையாது. கோபுரத்தில் ஏறத்தான் டிக்கெட். மாடிப்படி ஏற முடியாத பெரியவர்கள் கீழே மரநிழலில் உட்கார்ந்திருக்கலாம், அல்லது எதிரிலேயே இருக்கும் தேவாலயத்துக்குப் போகலாம். கி.பி. 604இல் நிறுவப்பட்ட ஆயர் பீடம் அது. என் அம்மாவுக்கு முழங்கால் வலி; நாங்கள் ஏறி இறங்குவதற்குள் அவர் தேவாலயத்தை முழுவதும் பார்த்துவிட்டு வந்து, "அங்கே எவ்வளவு அமைதி, தெரியுமா?" என்றார்.

சரி, ஹெடிங்கம். இது ஊர்கூட இல்லை, கிராமம். ரயில் கிடையாது, கார் இல்லாமல் போவதைப் பற்றி யோசிக்கவேண்டாம். ஆக்ஸ்ஃபோர்டு ஏர்ல்களாக (ஏர்ல் என்பது ஒரு பிரபுப் பட்டம்) இருந்த டி வீர் குடும்பம் 1140 வாக்கில் கட்டிய கோபுரம் இது. வரைபடத்தில் பார்த்தால் ரோசெஸ்டரின் தம்பி. ஆனால் உள்ளே தளமும் கூரையும் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீப்பிடித்து எரிந்த பிறகு புதிதாகப் போட்ட தளங்கள்தான் என்றாலும், அறை அறையாகத்தான் இருக்கிறது. இரண்டாவது தளத்துப் பெருங்கூடத்தில் நின்று தலையை நிமிர்த்தினால், சுவரிலிருந்து சுவருக்கு ஒரே வீச்சில் 28 அடி தாவும் வளைவு. ரோசெஸ்டரில் அறையைக் குறுக்குச் சுவரால் வெட்டியிருக்கிறார்கள். இங்கே அந்த வேலையை ஒரே வளைவு செய்துவிட்டு, கூடத்தைத் திறந்த வெளியாக விட்டிருக்கிறது. அதனாலேயே இங்கே பேச்சு கணீரென்று கேட்கிறது. பிரபு விருந்து வைத்த இடம், வழக்குக் கேட்ட இடம் என்பது சொல்லாமலே புரியும். ஸ்டீபன் மன்னரின் மனைவி மெட்டில்டா ராணி 1152இல் இறந்தது இந்தக் கோட்டையில்தான்.

குறை என்னவென்றால், இது தனியார் சொத்து. திருமணங்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். பொதுமக்களுக்குத் திறக்கிற நாட்கள் குறைவு. தேதி பார்க்காமல் கிளம்பினால் பூட்டிய வாயிலைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். பழஞ்சின்னங்களைப் பராமரிக்கும் இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் அமைப்பின் உறுப்பினர் அட்டை வைத்திருப்பவர்களுக்கு ரோசெஸ்டரிலும் ரிச்மண்டிலும் அது செல்லும், இங்கே செல்லாது. ஹெடிங்கத்தை மட்டும் தனியாகப் பார்க்க நான் யாருக்கும் சொல்லமாட்டேன். ரோசெஸ்டரைப் பார்த்தவர்கள் இரண்டாவதாகப் போகவேண்டிய இடம் இது. அங்கே எலும்புக்கூட்டைப் பார்த்துவிட்டு வந்தால்தான் இங்கே சதையின் அருமை தெரியும்.

இனி ரிச்மண்ட். முதலில் ஒரு எச்சரிக்கை: லண்டனில் பாதாள ரயிலில் போய் இறங்குகிற ரிச்மண்ட் அல்ல இது. பட்டத்துக்கு வரும் முன்பு ரிச்மண்ட் ஏர்லாக இருந்த ஏழாம் ஹென்றி, தேம்ஸ் கரையில் கட்டிய அரண்மனைக்கு இந்த வடக்கத்தி ஊரின் பெயரை வைத்தார். அங்கிருந்துதான் லண்டன் ரிச்மண்டுக்குப் பெயர் வந்தது. மூத்தது யார்க்‌ஷர் ரிச்மண்ட்.

தூரம்தான் இதன் பெரிய பிரச்சினை. லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் ஏறினால் டார்லிங்டனுக்கே இரண்டரை மணி நேரம் ஆகும், அங்கிருந்து பேருந்து. ரிச்மண்டுக்கு ரயில் 1969இல் நின்றுபோனது. ஒரே நாளில் போய்த் திரும்பலாம், ஆனால் ஓட்டமாக இருக்கும். ஒரு ராத்திரி தங்குங்கள்.

பேருந்து உங்களைச் சந்தைத் திடலில் இறக்கிவிடும். கற்கள் பாவிய, சரிவான, அரைவட்டமான பெரிய திடல். ஏன் அரைவட்டம் என்று அங்கேயே யோசித்துப் பாருங்கள். அது கோட்டையின் வெளிமுற்றமாக இருந்த இடம். சுற்றியிருக்கும் கடைகள் பழைய மதில் ஓடிய வழியை ஒட்டி வளைந்து நிற்கின்றன. அதாவது டிக்கெட் வாங்குவதற்கு முன்பே நீங்கள் கோட்டைக்குள் வந்துவிட்டீர்கள். ரோசெஸ்டரில் ஊர் முதலில் இருந்தது, கோட்டை வந்து அதன்மேல் உட்கார்ந்தது. இங்கே கோட்டை முதலில் வந்தது. ஊர் அதன் மடியில் பிறந்தது. எனக்கு இது பெரிய வித்தியாசமாகப் படுகிறது.

கோட்டையைத் தொடங்கியவர் பிரான்சின் பிரிட்டனியிலிருந்து வந்த ஆலன் ரூஃபஸ், 1066இல் இங்கிலாந்தைப் பிடித்த வில்லியம் மன்னரின் உறவினர். வடக்கே எழுந்த கலகத்தை அடக்க 1069–70 குளிர்காலத்தில் வில்லியம் ஊர் ஊராக எரித்தார். பஞ்சத்தில் மக்கள் கூட்டங்கூட்டமாகச் செத்தார்கள். அதற்கு அடுத்தாற்போல், 1071 வாக்கில், இந்தச் செங்குத்துப் பாறைமேல் கல் வேலை தொடங்கியது. மற்ற இடங்களில் மண்மேடும் மரவேலியும் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் இங்கே நேராகக் கல். மதிலில் சில இடங்களில் கற்களை மீன்முள் மாதிரி சாய்த்துச் சாய்த்து அடுக்கியிருப்பார்கள். அது அந்த முதல் தலைமுறை வேலைக்கு அடையாளம். கிட்டே போய்ப் பாருங்கள். ஒரு வரிசை இடப்பக்கம் சாயும், அடுத்தது வலப்பக்கம். ஒழுங்காகச் செதுக்காத கல்லை வைத்துக்கொண்டு வேகமாகச் சுவர் எழுப்பிய கைகள் அவை.

முற்றம் முக்கோண வடிவம். ஒரு பக்கத்தில் பாறைக்கு அடியே ஸ்வேல் ஆறு இரைச்சலோடு ஓடுகிறது. தென்கிழக்கு மூலையில் இருப்பது ஸ்கோலண்ட் கூடம், 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது; ரிச்மண்ட் பிரபுவின் காரியஸ்தர் ஒருவரின் பெயரால் அழைக்கிறார்கள். கூரை இல்லை, ஆனால் ஜன்னல் வளைவுகள் நிற்கின்றன. ரோசெஸ்டர் கோபுரத்துக்கு அரை நூற்றாண்டு மூத்த கூடம் இது. நார்மன் பிரபுவின் வாழ்க்கை கோபுரத்துக்குள் அடைந்து கிடந்தது என்ற நினைப்பு இங்கே உடைந்துபோகும். அவர்கள் உண்டதும் கூடியதும் இந்த மாதிரிக் கூடங்களில்தான்.

ரிச்மண்டின் 100 அடிக் கோபுரம் பின்னால் வந்தது. ஆலனின் வாரிசுகளில் ஒருவரான நான்காம் கோனன் தொடங்க, இரண்டாம் ஹென்றி முடித்தார். முதலில் கோட்டை வாசலாக இருந்த 11ஆம் நூற்றாண்டு வளைவை இடிக்காமல், அதை அடிப்படையாக வைத்தே மேலே ஏற்றியிருக்கிறார்கள். முற்றத்துப் பக்கம் நின்று பார்த்தால் கோபுரத்தின் காலடியில் அந்தப் பழைய வாசல் இன்னும் திறந்திருக்கிறது. இங்கே தளமும் உண்டு, மேலே ஏறவும் முடியும். உச்சியில் ஒரு பக்கம் சந்தைத் திடல், இன்னொரு பக்கம் பள்ளத்தாக்கு. திடலின் வளைவு மேலிருந்து பார்க்கும்போது முழுசாகப் புலப்படும்.

ஆனால் போர்க்கதை கேட்டு வருகிறவர்களுக்கு ரிச்மண்ட் சப்பென்றிருக்கும். இங்கே பெரிய முற்றுகை எதுவும் நடக்கவில்லை. இதன் கனமான கதை 1916இல் நடந்தது. முதல் உலகப்போரில் துப்பாக்கி எடுக்கமாட்டோம் என்று மனசாட்சியின்படி மறுத்த 16 பேரை இங்கே அடைத்து வைத்து, பிறகு பிரான்சுக்குக் கொண்டுபோய் மரண தண்டனை விதித்தார்கள். அது பத்தாண்டுக் கடும்சிறையாகக் குறைக்கப்பட்டது. கோபுரத்தை ஒட்டிய 19ஆம் நூற்றாண்டுச் சிறையறைகளின் சுண்ணாம்புச் சுவரில், இப்படி மறுத்தவர்கள் பென்சிலால் எழுதியவை இன்னும் இருக்கின்றன: வேதவசனம், பாட்டு வரி, பிரியமானவளின் முகம். சுண்ணாம்பு உதிர்ந்துகொண்டிருப்பதால் மிகக் கவனமாகப் பாதுகாக்கிறார்கள். உள்ளே விடுவார்களா என்று போகும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஆளை அடக்குவதற்கென்றே கட்டிய ஒரு கோட்டையில், அடங்காத 16 பேரின் நினைவு தங்கியிருக்கிறது. அந்த இடத்தில் நாங்கள் யாரும் பேசவில்லை.

என் தேர்வு ரிச்மண்ட், தூரத்தைப் பொருட்படுத்தாமல் சொல்கிறேன். கோபுரம், கூடம், மதில், வாசல், ஊர் என்று ஒரு நார்மன் கோட்டையின் எல்லா உறுப்பும் ஒரே இடத்தில் தொடர்ச்சியாகக் கிடைப்பது இந்த மூன்றில் அங்கே மட்டும்தான். லண்டனில் அரை நாள்தான் மிச்சம் என்றால் யோசிக்காமல் ரோசெஸ்டர். முற்றுகைக் கதைக்குக் கண் விரியும் எட்டு வயதுப் பிள்ளை கூட இருந்தாலும் ரோசெஸ்டர்தான். உருண்டை மூலையைக் காட்டி அந்த 40 பன்றிகளின் கதையைச் சொல்லுங்கள், வீடு வரும்வரை கேள்வி நிற்காது.

ரிச்மண்டுக்குப் போகிறவர்கள், கோட்டை பார்த்து முடித்ததும் ஆற்றோரம் ஒரு மைல் நடந்தால் ஈஸ்பி மடாலயத்தின் இடிபாடுகள் வரும். ரிச்மண்ட் கோட்டைக் காவலர் ரோல்ட் 1152இல் நிறுவியது. கோட்டையிலிருந்து அங்கே சுரங்கம் போகிறது என்று நம்பி, ஒரு முரசுச் சிறுவனை உள்ளே அனுப்பினார்களாம்; மேலே படைவீரர்கள் முரசொலியைக் கேட்டுக்கொண்டே பின்தொடர, பாதி வழியில் ஒலி நின்றுபோயிற்றாம். அது நின்றதாகச் சொல்லும் இடத்தில் ஒரு கல் வைத்திருக்கிறார்கள். மாலை வெயிலில் அந்த நடை மிக நன்றாக இருக்கும். டார்லிங்டனுக்குக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று மட்டும் சந்தையில் இறங்கியவுடனே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.